அடையாள அட்டை இலக்கத்தில் போட்ட பூட்டு

போர்க்காலம். அன்று ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோயில் அறையில் இருந்தவர்கள் பங்குச் சுவாமியார், அல்லைப்பிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா, கடற்தொழில் செய்யும் அவருடைய கணவர், கணினியோடு நான். அவர்களின் மூத்த மகன் வரவில்லை. ஆயுதக்காரர் அவனைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெடுந்தீவில் மாமி வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்த ஊர்க்காரர் ஒரு இணையத்தளம் தொடங்கியிருந்தார்கள். சிதறிப்போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு பூட்டிய பக்கம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொந்தங்களுக்கு அதில் எழுதலாம். பூட்டுப் போடுவது என் வேலை. இடம்பெயர்ந்தோரைப் பதிந்த குடும்பப் பட்டியலைக் கொடுத்தால், நான் எழுதிய சிறு நிரல் வீட்டு இலக்கத்தையும் உருமாற்றிய கடவுச்சொல்லையும் வரி வரியாக ஒரு கோப்பில் எழுதிவிடும். கோப்பைத் திருடினாலும் வாசிக்க முடியாது. எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவன் நான், பெருமையாக இருந்தது.

முதலில் எழுத்துகளைக் கண்டபடி கோத்துத்தான் கடவுச்சொற்கள் செய்தேன். எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை அக்கா பார்த்தார்.

"தம்பி, இதென்ன கோழி கிளறின மாதிரி? இதை நான் லண்டனில இருக்கிற சொந்தங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? ஏலாது."

"எனக்குக் கலியாண நாளே ஞாபகமில்லை," என்றார் கணவர். "அடையாள அட்டை நம்பரெண்டா நித்திரையிலயும் சொல்லுவன். ஒவ்வொரு நாளும் ஆமிக்காரற்ற சென்றியில சொல்லுறதுதானே."

"கலியாண நாள் எனக்கு ஞாபகமிருக்கு. அதுதான் கவலை," என்றார் அக்கா.

சுவாமியார்கூடச் சிரித்தார். நான் நிரலில் ஒரு வரியை மாற்றினேன். குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கமே கடவுச்சொல் ஆனது. அதே பட்டியலின் பிரதி, அதே இலக்கங்களோடு, இராணுவ முகாமிலும், கிராம அலுவலரான விதானையாரிடமும், இன்னும் எத்தனையோ கைகளிலும் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

பூட்டுப் போட்ட மூன்றாம் கிழமையில் சேவையகத்தின் பதிவுகளைப் பார்த்தேன். ஒரே காலையில், முதலாம் வீடு தொடங்கிக் கடைசி வீடு வரை, யாரோ பட்டியல் வரிசையிலேயே எல்லாப் பக்கங்களையும் திறந்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

அக்காவிடம் ஓடினேன். 'மூத்தவன் நெடுந்தீவில் மாமியோடு சுகம்' என்று அவர் தன் பக்கத்தில் எழுதியிருந்தார்.

"நீர் பூட்டிப்போட்டனீர் எண்டுதானே எழுதினனான்," என்றார்.

தகவல் அனுப்புவதற்குள் மாமி வீட்டுக்கு ஆட்கள் போய்விட்டார்கள். மகன் கடலில் தொழிலுக்குப் போயிருந்ததால் தப்பினான். மாமியின் கணவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மகனை இந்தியாவுக்கு அனுப்புவதற்காக வள்ளத்தையும் எஞ்சினையும் அக்காவின் தாலிக்கொடியையும் விற்றார்கள். படகுக்காரனுக்குக் கொடுத்தது மூன்று இலட்சத்து நாற்பதினாயிரம் ரூபாய்.