பத்துப் பேர் இருந்தால்தான் படம்

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி ஒரே படத்தை ஒரே வாரத்தில் ஐந்து முறை பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? சொன்னது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தையல் கடையைத் தாண்டிப் போன அத்தனை பேரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருந்தது, அதை நான் எப்போது இல்லை என்றேன்?

எல்லாவற்றுக்கும் காரணம் கரண்ட். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்களே, அந்தச் சனிக்கிழமை. மெஷின் மோட்டார் ஓடாது, ஃபேன் ஓடாது, வேர்த்து ஊற்றுகிறது. வெட்டிப்போட்ட ப்ளவுஸ் துணியெல்லாம் கையில் ஒட்டிக்கொள்கிறது. தியேட்டரில் ஜெனரேட்டர் இருக்கும், ஏசி இருக்கும், இரண்டரை மணி நேரம் கண்ணை மூடித் தூங்கலாம் என்று பதினொரு மணிக் காட்சிக்குப் போனேன். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. சத்தியமாகத் தூங்கத்தான் போனேன்.

ஏதோ வெளிநாட்டுப் படம். அங்கே பல வருஷம் மேடையில் பாட்டும் ஆட்டமுமாக ஓடிய நாடகத்தைச் சினிமாவாக எடுத்து, பாட்டு முதற்கொண்டு தமிழில் பேசவைத்திருந்தார்கள். துறைமுகம் பக்கத்தில் ஒரு சலவைக் கடை. அதில் துணி தேய்க்கிற ஐந்து பொம்பளைகள். கதை என்றால் அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பேசவே மாட்டார்கள்! சோப்புத் தீர்ந்துபோனாலும் பாட்டு, முதலாளி திட்டினாலும் பாட்டு, சட்டைப் பையில் யாரோ மறந்துவிட்ட காதல் கடிதம் கிடைத்தால் அஞ்சு பேரும் ஒரே வரிசையில் நின்று, நம்மைப் பார்த்துப் பாட்டு. மேடைக்காரப் புத்தி விடவில்லை. கேமரா எங்கே போனாலும் அவர்கள் பாட்டுக்கு டிக்கெட் வாங்கியவர்களைப் பார்த்தே பாடுகிறார்கள். கதாநாயகிக்கு என் வயது, என் இடுப்பு. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு தேய்க்கிற மேஜை மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினாள் பாருங்கள், நான் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தூக்கமாவது ஒன்றாவது.

இடைவேளைக்குச் சற்று முன்னால்தான் அந்தப் பாட்டு வந்தது. அஞ்சு பேரில் இரண்டு பேருக்குள் ஏதோ பழைய சண்டை, பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று தேய்க்கிறார்கள். ஒருத்தி தலையைத் தூக்காமல் பாடுகிறாள்: ‘பெட்டி சூடு ஆறவில்லை, பேச்சு மட்டும் ஆறிப்போச்சு.’ கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இன்னொருத்தி, அவளும் தலையைத் தூக்காமல்: ‘கசங்கிப்போன நாளையெல்லாம் கொடுத்துப் பாரு, தேய்ச்சுத் தாரேன்.’ எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த காலேஜ் ஜோடி திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

அழாமல் என்ன செய்வது? அது எங்கள் கதை. எனக்கும் என் அக்காவுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா இருப்பது சிதம்பரம் பக்கம், அண்ணாமலை நகர். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், நான்தான் போகவில்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் மாமா பேர், அதாவது அக்கா வீட்டுக்காரர் பேர், விட்டுப்போய்விட்டது. பெண்ணுக்குப் பெரியப்பா, வரிசையில் முதலில் வரவேண்டிய பேர். சித்தப்பா பேர் இருக்கிறது, மூன்று வருஷமாகக் கண்ணால் பார்க்காத திட்டக்குடி ஒன்றுவிட்ட அண்ணன் பேர்கூட இருக்கிறது, மாமா பேர் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு வந்தாள். தாலி கட்டும்வரை நின்று அட்சதை போட்டாள். பந்திப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், கை நனைக்காமல் போய்விட்டாள். அதைவிட அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

பிரஸ்காரர் விட்டுவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். அவர் ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ஒரு பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே, முழுசாகத் தள்ளிக்கூடப் பார்க்காமல், கட்டை விரல் பொம்மையைப் போட்டுவிட்டேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. வாய் வரைக்கும் வரும், அப்புறம் விழுங்கிவிடுவேன்.

சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சண்டை போட்டால் பேச மாட்டோம், ஆனால் துணி துவைக்கும்போது சோப்பு கேட்க வேண்டுமே! அதனால் பாடுவோம். ரேடியோவில் வருகிற மெட்டுக்கு ‘சோப்ப எடுடி சோம்பேறி’ என்று அவள் பாடுவாள், ‘எடுக்க மாட்டேன் போக்கிரி’ என்று நான் பாடுவேன். இரண்டாவது பக்கெட் முடிவதற்குள் சிரித்துவிடுவோம். அந்த ஞாபகம் வந்த பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன், திங்கள்கிழமை மறுபடி. கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே கால் தாளம் போடுகிறது. ஒரு அம்மாவின் ப்ளவுஸுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன்.

திங்கள்கிழமை படம் விட்டதும் தியேட்டர் வாசலில் நின்றபடி, தியேட்டர் பேரும் காட்சி நேரமும் போட்டிருந்த போஸ்டரைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வரியை மட்டும் பாடினேன். ‘பெட்டி சூடு ஆறவில்லை, பேச்சு மட்டும் ஆறிப்போச்சு.’ அவ்வளவுதான். நீலக் கோடு இரண்டும் வந்தது. பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் அந்தத் தியேட்டரின் சட்டம் தெரிந்தது. பத்துப் பேர் இல்லாவிட்டால் படம் போட மாட்டார்களாம். கீழே எண்ணினால் என்னோடு ஒன்பது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். சரி, போச்சு என்று எழுந்தேன். அதற்குள் டிக்கெட் கிழிக்கிறவர் ஓடிவந்து, “சார், பால்கனிக்கு ஒரு டிக்கெட்டு போயிருக்கு, அதோட பத்து சார்!” என்றார். நம்மைப் போல இன்னொரு பைத்தியம், நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

புதன்கிழமை ஏழு பேர்தான். படம் இல்லை.

“நாளைக்காவது உண்டா சார்?” என்றேன்.

“நாளைக்குத்தாம்மா கடைசி. வெள்ளிக்கிழமை புதுப்படம் வருது. பத்துப் பேரு இருந்தா போடுறேன், இல்லன்னா இப்பவே சொல்லிட்டேன், கோச்சிக்காதீங்க.”

“பத்துப் பேரு நான் கூட்டியாறேன். நீங்க ஜாஸ்தி பேசாம ஏசிய மட்டும் ஒழுங்கா போடுங்க.”

அக்காவுக்கு இன்னொரு மெசேஜ்: ‘நாளைக்குக் கடைசி நாள். பதினொரு மணி.’ அதற்கும் நீலக் கோடுதான். வந்து பார்த்தால் அவளுக்குப் புரியும். அவள் வந்தால், அந்தப் பாட்டுக்கு அப்புறம், ப்ரூஃப் விஷயத்தை நான் வாய் திறந்து சொல்லிவிடுவேன். பாட்டு இல்லாமல் எனக்கு அந்தத் தைரியம் வராது. வியாழக்கிழமை விட்டால் எப்போதும் வராது.

ஆள் பிடிக்கக் கிளம்பினேன். தையல்காரிக்கு இருக்கிற பலம் யாருக்கு உண்டு? ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது, எல்லார் ப்ளவுஸும் என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. போனை எடுத்தேன். “படத்துக்கு வந்தா வெள்ளிக்கிழம ப்ளவுசு. வரலன்னா ஐப்பசிதான்.” ஐந்து பேர் அலறிக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். ஒருத்தி மாமியாரைத் தனியாக விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். மாமியாரையும் கூட்டிவா என்றேன். கடையில் ஹெம்மிங் பண்ணுகிற பெண்ணுக்குச் சம்பளத்தோடு அரை நாள் லீவு. ஆட்டோக்கார அண்ணனிடம் சண்டைப் படம் என்றேன். ஒரு சண்டை இருக்கிறதே, பொய்யில்லையே.

மிச்சம் என் வீட்டுக்காரர். அவர் பாட்டு வந்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற கட்சி.

“படம் முழுக்கப் பாட்டுன்றியே, அப்ப நான் படம் முழுக்க டீக்கடையிலதான் உக்காந்திருக்கணும்.”

“உக்காருங்க. ஆனா டிக்கெட்டு வாங்கிட்டு, தலைய எண்ணினப்புறம் போய் உக்காருங்க.”

விடிய எழுந்து எல்லோருக்கும் புளிச்சோறு கிண்டி, உருளைக்கிழங்கு வறுத்து, பத்துப் பொட்டலம் கட்டினேன். மேனேஜருக்குத் தனியாக ஒன்று, வெளிச் சாப்பாடு கூடாது என்று வாயைத் திறந்துவிடக் கூடாதல்லவா. ஆட்டோ இரண்டு நடை அடித்து, எல்லோரையும் கொண்டுவந்து இறக்கும்போது பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். எண்ணினேன். ப்ளவுஸ்காரிகள் நாலு பேர்தான் இருந்தார்கள். ஐந்தாவது மகராசி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அப்போதுதான் போன் பண்ணினாள். மாமியாரோடு ஐந்து, ஹெம்மிங் பெண், ஆட்டோ அண்ணன், என் வீட்டுக்காரர், நான். ஒன்பது.

வாசலில் போய் நின்றேன். சிதம்பரத்திலிருந்து வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஆனது. பதினொன்று ஐந்து ஆனது. பச்சைப் புடவை தெரிந்தால் அக்கா, குடை தெரிந்தால் அக்கா, ஒருத்தரும் அக்கா இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுக்குத்தான் நெஞ்சழுத்தம் என்றால் எனக்கும் இருக்காதா? எவ்வளவுதான் பாடுவது? அப்போது உள்ளே பெல் அடித்தது. ஓடினேன்.

“ஒம்பதுதானே சார்?”

“பால்கனில ஒருத்தங்க பத்தரைக்கே வந்து உக்காந்துட்டாங்கம்மா. பத்து. போங்க, போங்க, டைட்டில் ஓடுது.”

அக்கா வராத படத்தை நான் என்ன பார்ப்பது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் படம் விடுமா! முதல் பாட்டிலேயே மாமியார்க்காரி தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். சோப்புப் பாட்டுக்கு ஆட்டோ அண்ணன் விசிலடித்தார். என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போயே விட்டார். இடுப்பழகி மேஜை மேல் ஏறியபோது ப்ளவுஸ்காரிகள் நாலு பேரும் கூச்சல் போட்டார்கள். அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. முதல் வரியைத் திரையோடு சேர்ந்து நானும் பாடினேன். சத்தமாகவே பாடினேன், யாருக்குப் பயம்? ‘பெட்டி சூடு ஆறவில்லை...’

அந்தக் கொஞ்ச நேர மௌனம் வந்தது. திரையில் இருப்பவள் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால், மேலேயிருந்து ஒரு குரல், சுருதி துளிகூடச் சேராமல்:

‘கசங்கிப்போன நாளையெல்லாம் கொடுத்துப் பாரு, தேய்ச்சுத் தாரேன்.’

ஐயோ! அந்தக் கட்டைக் குரலை எனக்குத் தெரியாதா? ஆனால் நான் அனுப்பியது முதல் வரி மட்டும்தானே!

இடைவேளை விளக்குப் போடுவதற்குள் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அவ்வளவு பெரிய பால்கனியில் தனியாக, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டாவது வரி உனக்கு எப்படிடி தெரியும்?” அக்காவைப் போய் ‘டி’ போட்டுவிட்டேன், அவ்வளவு பதற்றம்.

“செவ்வாக்கெழமையே வந்து பாத்துட்டேன். நீ கீழ உக்காந்து மூக்கச் சிந்துனதையும் பாத்தேன்.”

“பாத்துட்டு கூப்புடாம போயிட்டியே!”

“கூப்புடலாம்னுதான் வந்தேன். கோவம் வந்துச்சு, போயிட்டேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் வாய் வராது, அதனால் வெள்ளைத் திரையைப் பார்த்தே சொன்னேன். “அக்கா, பிரஸ்காரன் மேல தப்பு இல்ல. ப்ரூஃபு எனக்குத்தான் வந்துச்சு. நான் பாக்காமலே சரின்னு போட்டுட்டேன். மாமா பேர விட்டது நான்தான்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீ எந்த ப்ளவுச ஒழுங்கா அளவு பாத்திருக்க, பத்திரிகைய பாக்கறதுக்கு? உங்க மாமா அன்னிக்கே சிரிச்சிட்டாரு. எனக்குப் பேரு போனது கூட பெருசில்லடி. நீ எப்ப வாயத் தொறந்து சொல்லுவன்னுதான் ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்.” மூக்கை உறிஞ்சினாள். “பசிக்குது. அதுல என்னா?”

பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். குனிந்து பார்த்தாள். “கல்யாண வீட்டுச் சாப்பாடா இது? ஒரு வடகூட இல்ல.”

சொல்லி வாய் மூடவில்லை, என் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறி வருகிறார், டீக்கடை வடை கையில் பேப்பரோடு எண்ணெய் சொட்டுகிறது. அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். “வாங்க, எப்ப வந்தீங்க?” என்று கேட்டபடியே வடையை அவள் பக்கம் நீட்டினார். நான் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அக்கா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இரண்டாம் பாதிக்கு பெல் அடித்தது, விளக்கு அணைந்தது, துணி தேய்க்கிற பொம்பளைகள் மறுபடி வரிசையாக வந்து நின்றார்கள். இருட்டில் அக்கா என் முந்தானையை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, “பேசாம படத்தப் பாருடி” என்றாள்.