முன்சீப் வேலைக்கு ஒரு மனு

அரியலூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல் சவரிராஜிடம் ஒன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர் அய்யம்பெருமாள். அந்த ஒன்பது வருஷத்தில் வக்கீலிடமிருந்து ஒரு காசு சம்பளம் வாங்கியதில்லை. அங்கே அதுதான் வழக்கம். கட்சிக்காரர்கள் வக்கீல் பீஸோடு குமாஸ்தா பீஸ் என்று தனியாகக் கொடுப்பார்கள். அதில்தான் அவர் குடும்பம் ஓடியது. வக்கீல் இல்லையென்றால் அதுவும் இல்லை.

1946 ஐப்பசியில் ஒருநாள் சவரிராஜ் ஒரு உறையை நீட்டினார்.

"முன்சீப் வேலைக்கு மனுப் போடறேன். இன்னிக்கே மெட்ராசுக்குப் போயிடணும்."

"இங்கயே நல்லாத்தானே ஐயா நடக்குது?"

"என்ன நல்லா? கடலை வித்துப் பீஸ் தரேங்கறான். கடலைய வித்ததும் கொழுந்தியா கல்யாணங்கறான். சர்க்கார் சம்பளம்னா மாசாமாசம் வந்துடும்."

முன்சீப் என்றால் நீதிபதி; அவருக்குச் சொந்தக் குமாஸ்தா கிடையாது. இருவருக்கும் அது தெரியும். இருவருமே அதைப் பேசவில்லை.

ஒட்டுவதற்கு முன் அய்யம்பெருமாள் வழக்கம்போல் ஒருமுறை படித்துப் பார்த்தார். மனுவில் பிறந்த தேதி மார்ச் பதினெட்டு என்றிருந்தது. கூட வைத்திருந்த வரதராஜன்பேட்டை மாதா கோயில் சான்றிதழில் பிறந்தது மார்ச் பத்து. பதினெட்டு ஞானஸ்நானம் கொடுத்த நாள். வக்கீல் அவசரத்தில் அடுத்த கட்டத்தைப் பார்த்து எழுதிவிட்டார். தேதி ஒத்துப்போகாத மனுவை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

மத்தியானச் சோறு கொண்டுவந்த மனைவி சம்பூர்ணத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"பேசாம ஒட்டிப் போட்டுடுங்க. தப்பா எழுதினது அவருதானே? நமக்கு மூணு பொண்ணு இருக்கு."

"என் கை வழியாப் போன காயிதம் எதுவும் திரும்பி வந்ததில்ல."

"காயிதம் திரும்பி வராது. நாமதான் தெருவுக்கு வருவோம்!"

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அய்யம்பெருமாள் சாப்பிட்டு முடித்தார். கை கழுவியதும் மனுவை எடுத்துக்கொண்டு போய், வக்கீலிடம் தேதியைத் திருத்தி வாங்கித் தபாலில் சேர்த்தார்.

சித்திரையில் உத்தரவு வந்தது. ரயில் ஏறும்போது சவரிராஜ் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையான அழுகைதான், அதனால் உலை கொதித்துவிடவில்லை.

அரியலூரில் மற்ற வக்கீல்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே குமாஸ்தாக்கள் இருந்தார்கள். இரண்டு மாதம் அலைந்த பிறகு, அய்யம்பெருமாள் பெரம்பலூரில் செல்வநாதன் என்ற புது வக்கீல் தொழில் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். மேஜை பளபளவென்றிருந்தது. அதன்மேல் ஒரு கேஸ் கட்டுகூட இல்லை.

"கேசு எத்தனைங்க சார் இருக்கு?"

"ஒண்ணு. அதுவும் எங்க மாமா வூட்டு வரப்புத் தகராறு. பீஸ் கேக்க முடியாதுங்க. உங்களுக்கு நான் என்னத்தக் குடுக்கறது?"

அய்யம்பெருமாள் துண்டை உதறி நாற்காலியில் போட்டார்.

"மாமாவ வரச் சொல்லுங்க. உங்க பீஸ நீங்க கேக்க வேணாம். என்னுத நான் கேட்டுக்கறேன்."