சாயங்கால மைதானம்

வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொர்ஷெதா ஹேண்ட்பால் கோல்கீப்பர். பெண்களுக்கு மைதானம் கிடைப்பது மத்தியானம் ஒரு மணிக்குத்தான். சித்திரை வெயிலில் தரை கொதிக்கும். சாயங்காலம் முழுக்க ஆண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

"பொண்ணுங்களுக்கு ஆர்வமே இல்லியேம்மா" என்று விளையாட்டு இயக்குநர் ஹெலால் சிரித்தார்.

"ஒரு மணிக்கு நீங்க வந்து ஓடிப் பாருங்க சார்."

மறுநாள் நான்கு மணிக்கு மொர்ஷெதா தன் அணித் தோழிகளோடு போய் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்கக்கா, நாங்க ஆடணும்" என்று பையன்கள் கத்தினார்கள்.

"நாங்களுந்தான் ஆடணும்!"

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்கும்வரை ஒருத்தியும் எழவில்லை. அதற்குள் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் கதவைப் பூட்டிவிட்டார்கள். கதவைத் திறந்த காப்பாளர் அம்மாள் எல்லோருடைய அப்பாக்களுக்கும் போன் போட்டார்.

"படிக்க அனுப்புனேனா, பந்து புடிக்க அனுப்புனேனா?" என்று மொர்ஷெதாவின் அப்பா போனில் இரைந்தார்.

"ரெண்டும் செய்வேன்ப்பா!" என்று அவளும் இரைந்தாள். மற்றப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள்.

விஷயம் வெளியே பேச்சானதும், ஹெலால் வாரத்தில் இரண்டு சாயங்காலங்களைப் பெண்களுக்கு ஒதுக்கினார். வந்தது மொர்ஷெதாவோடு சேர்த்து மூன்றே பேர்.

"பாத்தியா? குடுத்தாலும் வர்றதில்ல" என்றார் ஹெலால்.

மொர்ஷெதா அவர் முன்னால் போய் நின்றாள். "விடுதியிலேர்ந்து வீட்டுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டிட்டு, வரலைன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்லியா சார்?"

அவள் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்று, "பந்த எறிங்கடி!" என்று மற்ற இருவரையும் அதட்டினாள்.