ஜவளகிரிக்கு ஒரு ரோபோவும் இரண்டு பயந்தாங்கொள்ளிகளும்

போன சனிக்கிழமை ஓசூரிலிருந்து ஜவளகிரி பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை, பாடம் நடத்த. நான் பிளஸ் ஒன். சிரிக்காதீர்கள், பாடம் எடுக்க வேண்டியவர் எங்கள் கம்ப்யூட்டர் மிஸ். அவர் பாப்பாவுக்குக் காய்ச்சல். அதனால் கிட்டை என்னிடமும் என் வகுப்புத் தோழன் சீனுவிடமும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கிட் என்றால் ரோபோ கிட். மோட்டார், சக்கரம், மூளை மாதிரி ஒரு மஞ்சள் பெட்டி. கம்ப்யூட்டரில் கட்டளை எழுதிப் பெட்டியில் ஏற்றினால் அதுபடி ஓடும், எங்காவது முட்டினால் 'பீப்' என்று கத்திப் பின்வாங்கும். (பெயரிலேயே 'போ' இருக்கிறது, 'வா' இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.) ஏதோ தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் பள்ளிக்குக் கொடுத்தது. பள்ளியோ அதைப் பீரோவில் பூட்டி, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும். மிஸ் போராடி ஒரு வழி கண்டுபிடித்தார்: காட்டோர அரசுப் பள்ளி ஒன்றில் வாராவாரம் வகுப்பு. ஆனால் அந்தப் பள்ளி பெரிய டீச்சர், முதல் வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்றுவிட்டார். சொதப்பினால் ரோபோ மறுபடி பீரோவுக்கு. எங்கள் கைக்கும் எட்டாது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரைக்குத் தளி பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் எட்டு ரூபாய். தளி பஸ்ஸில் தள்ளித் தள்ளித்தான் ஏற வேண்டும், பெயர்ப் பொருத்தம் அப்படி. தளியில் இறங்கி டீயும் பன்னும். அங்கிருந்து ஷேர் டெம்போ, ஆளுக்கு ஐந்து ரூபாய். கிட் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

காடு ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே டிரைவர் நாகராஜ் அண்ணன் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். டயர் பஞ்சர் என்று நினைத்தேன். முன்னால் சாலையில் ஒரு பெரிய பாறை. பாறைக்குக் காது ஆடியது.

"குட்டி இருக்கு. யாரும் வாய் திறக்காதீங்க" என்றார் அண்ணன், திரும்பாமலே.

தாய் யானை சாலை நடுவில் நின்றது. குட்டி அதன் காலுக்கு நடுவே. எனக்கு எச்சில் விழுங்கவே பயம், அந்தச் சத்தம் கேட்டுவிடுமோ என்று. அப்போதுதான் என் மடி 'கர்ர்ர்' என்றது. அப்புறம் 'பீப்'. கீரைக்கட்டு வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்தார். வழியெல்லாம் குலுங்கியதில் பைக்குள் பட்டன் அமுங்கி ரோபோ கிளம்பிவிட்டது. பையை முட்டுகிறது, கத்துகிறது, பின்வாங்குகிறது, மறுபடி முட்டுகிறது. நாங்கள் எழுதிய கட்டளைப்படி ஒழுங்காக.

யானை தலையை எங்கள் பக்கம் திருப்பியது.

"சும்னிரப்பா" என்று அக்கா பையைப் பார்த்து, சும்மா இருக்கச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினார். பைக்குள் கைவிட்டு ஸ்விட்சை அமுக்கினேன். பழைய பெட்டி, ஸ்விட்ச் சிக்கிக்கொள்ளும். அணைந்தது, உடனே திரும்ப எரிந்தது. இனி பேட்டரியைக் கழற்றுவது ஒன்றுதான் வழி. ஆனால் இந்தப் பெட்டியில் பேட்டரியை எடுத்தால் ஏற்றியதெல்லாம் அழிந்துபோகும். திரும்ப ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும், போகிற பள்ளியில் அது கிடையாது.

சீனு என் காதில், "எல்லாம் அழிஞ்சிரும்டா" என்றான்.

"அது அழியலைன்னா நாம அழிஞ்சிருவோம்டா."

"தம்பி, உள்ளே என்ன இருந்தாலும் சரி, அதோட கழுத்தை நெரி" என்றார் நாகராஜ் அண்ணன்.

நெரித்தேன். மூடியைத் திறக்கும்போது வந்த 'டிக்' சத்தம் இப்போதும் முதுகுத்தண்டில் இருக்கிறது. ஆறு பேட்டரியையும் கையில் பொத்திக்கொண்டேன். யானை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு மூங்கிலுக்குள் போனது. அப்புறம்தான் அண்ணன் இன்ஜினைப் போட்டார்.

பள்ளியில் எட்டாம் வகுப்பு மேசையில் செத்த ரோபோவை வைத்தோம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தூங்குகிறதா என்று ஒருவன் கேட்டான். பெரிய டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சீனு என் துண்டைப் பிடுங்கி என் கண்ணைக் கட்டினான். இன்றைக்கு இவன்தான் ரோபோ, நீங்கள் எழுதுகிறபடி மட்டும் நடப்பான் என்று அறிவித்தான். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். பிள்ளைகள் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுத, சீனு உரக்கப் படித்தான். மூன்று அடி போ. வலப்பக்கம் திரும்பு. முட்டினால் பின்னால் வா. முதலில் சுவரில் முட்டினேன், அடிகளின் எண்ணிக்கையைத் திருத்தினார்கள். அப்புறம் வாசலைக் கண்டுபிடித்தேன். அப்போது மஞ்சுளா என்ற பெண் எழுந்து இன்னொரு வரி சேர்க்கச் சொன்னாள்: சத்தம் கேட்டால் அசையாமல் நில், ஓடாதே. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லாத வரி அது.

புது வரியோடு மறுபடி முதலிலிருந்து நடந்தேன். நான் பாதி வழியில் இருந்தபோது வெளியே யாரோ இன்டர்வெல்லுக்கு இரும்புத் தண்டவாளத் துண்டை 'டங்'கென்று அடித்தார்கள்.

ஓடினேன். பெஞ்ச், தண்ணீர்ப் பானை, அப்புறம் யாரோ ஒருவரின் வயிறு. துண்டை அவிழ்த்தால் பெரிய டீச்சர்.

வகுப்பே உருண்டு சிரித்தது. மஞ்சுளா மட்டும் சிரிக்காமல், "நாங்க சரியாத்தான் எழுதினோம், டீச்சர். ரோபோதான் கெட்டுப்போச்சு" என்றாள்.

டீச்சர் கரும்பலகையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். புடவையில் சிந்திய தண்ணீரைத் தட்டிவிட்டார்.

"வர்ற சனிக்கிழமையும் வாங்க. ரெண்டையும் ரிப்பேர் பண்ணிக் கூட்டிட்டு வாங்க."

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரைக்கு முன் தளியில் இருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் அந்தக் காட்டுச் சாலையில் டெம்போ கிடைப்பது சந்தேகம், கிடைத்தாலும் ஏறாதீர்கள். கத்தும் பொம்மை, அலாரம், செல்போன் எல்லாவற்றையும் தளியிலேயே வாயடைத்துவிடுங்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

தைரியம் வந்ததா என்று மிஸ் கேட்டார். இல்லை. இரவில் மிக்ஸி ஓடினாலே எழுந்து உட்கார்கிறேன். ஆனால் எங்கள் கையில் கிட் இருக்க வேண்டுமானால் வாராவாரம் அந்தச் சாலையில் போக வேண்டும். வருகிறாயா என்று சீனு கேட்டான். வருகிறேன் என்றேன். ஜன்னல் சீட் மட்டும் அவனுக்கு.