மைனஸ் பதினெட்டில் ஒரு தூண்டில்

ஐஸ்கிரீம் கிடங்கின் குளிர் அறைக்குள் அந்தச் சனிக்கிழமை நண்பகலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரான அக்கா, அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தாய்மாமா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், "எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது" என்று கையை விரித்துவிட்ட எங்கள் டீம் லீடர். இன்னொருவர், கடல்களுக்கு அப்பால் பனி கொட்டும் ஓர் ஆற்றில் தூண்டில் போடும் பெரியவர். அவருக்காகத்தான் நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

தூண்டில் சாமான் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கடைக்கு, வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்கு சாட்டில் பதில் சொல்வது எங்கள் வேலை. அலுவலகம் பெங்களூர் பொம்மனஹள்ளியில். நான் அதுவரை ஒரு மீனையும் பிடித்ததில்லை. அக்காவுக்கு மீன் குழம்போடு சரி. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஆறு மாதப் பயிற்சிக் காலமும் ஒன்றாகவே முடிய இருந்தது. வேலை உறுதியானால் மாதம் நாலாயிரம் கூடும். அதை நம்பித்தான் அக்கா விவேக் நகரில், அம்மாவோடு இருக்கும் ஒற்றை அறையை விட்டு மாற, அதே தெருவில் இரண்டறை வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தார்.

டிசம்பரில் அந்தப் பெரியவர் அக்காவின் சாட்டில் வந்தார். ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம். உறைவது தூண்டில் கோல். நூல் ஓடுவதற்காகக் கோலில் வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். நனைந்த நூலைச் சுற்றி இழுக்க இழுக்க, அதிலிருந்து சொட்டும் நீர் வளையத்தில் ஒட்டி ஐஸாகி, கடைசியில் ஓட்டையையே அடைத்துவிடும். அதற்கென்று எங்கள் கடையில் ஒரு ஸ்ப்ரே உண்டு. அன்று ஸ்டாக் இல்லை. வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இதுக்கு என்ன சொல்றது?"

"தேங்கா எண்ணெய் தடவச் சொல்லுங்கக்கா" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கடை ரசீதிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள். தெரியாது என்று சொன்னால் படிக்க வைத்ததே வீண் என்பதுபோல் முகம் வாடுவார்கள். அதனால் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிப் பழகியவன். சைக்கிள் செயினுக்கும் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய்தானே போடுவோம்? இத்தனைக்கும் அன்று காலை, பெங்களூர்க் குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய் பாட்டிலை வெந்நீர் மக்கில் வைத்து உருக்கி, தலைக்குத் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்தவன் நான்.

நாலாம் நாள் புகார் வந்தது. படத்தில் வளையங்கள் எல்லாம் மெழுகுவத்தி போல் வெள்ளையாக அடைத்திருந்தன. முன்னும் பின்னுமாகப் பத்து நாள் காத்திருந்து கொத்திய மீன், நூல் ஓடாமல் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

டீம் லீடர் எங்கள் மேசைக்கு வந்தார். "கஸ்டமர் ஓவரா தடவிட்டாருன்னு போட்டு க்ளோஸ் பண்ணிடும்மா. தப்பான தகவல்னு போட்டா உன் கன்ஃபர்மேஷன் மூணு மாசம் தள்ளிப்போயிடும். இங்கேருந்து யாரு போய்ப் பாக்கப்போறா?"

"அவரு பாத்துட்டாரே சார்" என்றார் அக்கா. திங்கட்கிழமை வரை நேரம் கேட்டார். "தப்புன்னு மட்டும் சொன்னாப் போதுமா? எது சரின்னும் சொல்லணும்ல."

அப்படித்தான் சிவாஜி நகரில் ஒரு மலிவான தூண்டிலை வாங்கிக்கொண்டு குளிர் அறைக்கு வந்து சேர்ந்தோம். கதவில் மைனஸ் பதினெட்டு என்று காட்டியது. கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நுழைந்த என்னை மாமா ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் குரு, வெண்ணிலாவா புடிக்கப்போறே, பட்டர்ஸ்காட்சா?" பெங்களூர்ப் பேச்சில் அவருக்கு எல்லோரும் 'குரு'தான்.

"மாமா, சும்னே இருங்க. பக்கெட் எங்கே?" என்று அக்கா அவரை அடக்கினார்.

பக்கெட் தண்ணீரில் நூலை முக்கி இழுத்துச் சுற்றினேன். அக்கா எண்ணினார். எதுவும் தடவாத வளையம் பதினோராவது சுற்றில் அடைத்தது. தேங்காய் எண்ணெய் தடவியது ஐந்தாவது சுற்றிலேயே.

"இதுக்கு ஒண்ணும் தடவாமலே இருந்திருக்கலாம்" என்றார் மாமா. நான் குனிந்தபடியே அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

நல்லெண்ணெய் கலங்கிக் கூழாயிற்று. அக்கா தன் கைப்பையிலிருந்த லிப் பாமை எடுத்துப் பூசினார். முப்பது சுற்றுக்கு மேல் தாங்கியது. பிறகும் ஐஸ் பிடித்தது, ஆனால் தேய்த்தால் கழன்றது. கோலின் நுனியைத் தண்ணீரில் முக்கினாலே ஐஸ் கரைவதைப் பார்த்து நான் துள்ளினேன்.

"அவசரப்படாதே. இது குழாத் தண்ணி. அவரு ஆத்துல தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்" என்று சொல்லி, அக்கா பக்கெட்டில் ஐஸ்கட்டிகளைக் கொட்டிக் கலக்கி, மறுபடி முக்கிப் பார்த்தார். கரைந்தது, மெதுவாக. அந்த 'மெதுவாக' என்பதையும் நோட்டில் எழுதினார். விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியவில்லை. முஷ்டியில் பிடித்து எழுதினார். கல்லூரியில் நான் எத்தனையோ பரிசோதனைகளை விடை தெரிந்துகொண்டே செய்து மதிப்பெண் வாங்கியவன். விடை தெரியாமல் ஒருவர் ஒன்றைச் செய்து பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

திங்கட்கிழமை அக்கா பெரியவருக்கு எழுதியது சின்னக் கடிதம்தான். "நான் சொன்னது தவறு, எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், இப்போது செய்து பார்த்தேன், கண்டது இது." என் பெயர் எங்கும் இல்லை. புகாரைத் 'தவறான தகவல்' என்றே முடித்தார்.

நான் டீம் லீடரிடம் போய், சொன்னது நான்தான் என்றேன். தண்டனை என் பக்கம் மாறும் என்று நினைத்தேன். அது இரண்டு பேருக்குமாகப் பெருகியது.

"உன்னை யாருடா வாயத் தொறக்கச் சொன்னது? ஒருத்தராவது தப்பிச்சிருக்கலாம்ல!" அக்கா என்னை 'டா' என்றது அன்றுதான்.

"தெரிஞ்சதைத்தானேக்கா சொன்னேன்."

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

இரண்டறை வீட்டுக்கு வேறு யாரோ குடி வந்தார்கள். ஜனவரியில் பெரியவர் ஒரு படம் அனுப்பினார். சாம்பல் நிற ஆறு, கரையெல்லாம் பனி, முன்னால் கோலின் நுனி. மீன் இன்னும் கொத்தவில்லையாம். வளையம் மட்டும் திறந்திருந்தது, அதற்குள்ளே ஆறு தெரிந்தது. அக்கா அதைத் தன் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

தூண்டில், எண்ணெய்கள், ஆட்டோ எல்லாம் ஆயிரத்து நூற்று எண்பது. மூன்று மாதத்துக்கு, ஆளுக்கு நாலாயிரம் வீதம் வராமல் போனது இருபத்துநாலாயிரம். ஆக மொத்தம் எங்களுக்கு ஆனது இருபத்தையாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.