மடை நிற்கவில்லை என்று ஒரு புகார்

"செவ்வாய், காலை 9.10. கலியபெருமாள், திருத்துறைப்பூண்டி பக்கம். மடை நிற்கவில்லை. தவறான எண். பாசன ஆபீஸ் நம்பர் கொடுக்கப்பட்டது."

எங்கள் டே கேர் வார்டின் தொலைபேசிப் பதிவேட்டில், ஓர் ஆவணி மாதத்துப் பக்கத்தில் இருக்கும் வரி இது. கையெழுத்து வரவேற்பு மேசை ஜமீலாவுடையது. நோயாளியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். இம்யூனோதெரபி நோயாளிகளை இனிமேல் பார்க்கப்போகும் நர்சுகளுக்காக, அந்த ஒரு வரியில் எத்தனை பிழைகள் இருந்தன என்று எழுதுகிறேன். சிரிக்கலாம். நாங்கள் அன்று மாலைவரை சிரிக்கவில்லை. அதன்பின் ஒரு வாரம் வேறு எதுவும் செய்யவில்லை.

1. சக்தி ஊசி

கலியபெருமாளுக்கு நுரையீரலில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மனைவி ராஜாமணியோடு தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வந்து, டிரிப்பில் மருந்து ஏற்றிக்கொண்டு போவார். அவர் அதைச் சக்தி ஊசி என்பார். இது கீமோ இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு இருக்கும் பிரேக்கை எடுத்துவிடும் மருந்து. பிரேக் போன சக்தி கட்டியை மட்டும் தாக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு, தோல், எதை வேண்டுமானாலும் தாக்கலாம். முதல் ஊசியிலேயே வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம்.

அதனால் எல்லோருக்கும் ஒரு மஞ்சள் அட்டை கொடுப்போம். வயிற்றுப்போக்கு, புது இருமல், மூச்சுத்திணறல், தோலில் தடிப்பு, தாங்காத சோர்வு, எது வந்தாலும் அன்றைக்கே இந்த எண்ணில் கூப்பிடவும் என்று அதில் இருக்கும். கலியபெருமாள் கூப்பிட்டார். அவர் பக்கம் தவறே இல்லை.

2. எந்த வாய்க்கால்?

எங்கள் கைபேசி எண்ணுக்கும் அந்தப் பக்கத்துப் பாசனப் பிரிவு அலுவலகத்தின் எண்ணுக்கும் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் இடம் மாறியிருந்தன. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், "ஷட்டரத் தூக்குறீங்களா இல்லையா?" என்று யாராவது எங்களை அதட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜமீலா அந்த ஆபீஸ் எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தார்.

கலியபெருமாள் வயல் வரப்பில் நின்று பேசினார். சுற்றிலும் வேலைக்கு வந்த பெண்கள். போனிலும் பெண் குரல். வயிற்றுப்போக்கு என்று சொல்ல வெட்கம் வந்துவிட்டது.

"மடை நிக்க மாட்டேங்குதும்மா. நேத்துலேந்து எட்டு தடவ."

"எந்த வாய்க்கால் ஐயா?"

"என்னம்மா கேள்வி இது? எங்கிட்ட ஒண்ணுதான இருக்கு."

"அடைச்சுப் பாத்தீங்களா?"

"என்னென்னமோ போட்டுப் பாத்தாச்சு. பிச்சிக்கிட்டுப் போவுது."

"அப்ப இங்க சொல்லி ஆகாதுங்க. ஒரு நம்பர் தர்றேன், ஆள் அனுப்புவாங்க."

"வூட்டுக்கேவா?"

"வராம என்ன? அவங்க வேலையே அதுதானே."

கலியபெருமாள் நெகிழ்ந்துபோனார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சும்மாவா!

3. கரை அரிச்சிருக்கா?

எதிர்முனையில் "செக்சன் ஆபீஸ்" என்றார்கள். வயிற்றுக்கென்றே தனி செக்சன் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு வார்டில் அவரே சொன்னது:

"எப்பலேந்துன்னு கேட்டாரு சிஸ்டர். வேகம் எப்புடின்னாரு. கலங்கலா போவுதா, தெளிவா போவுதான்னாரு. கரை அரிச்சிருக்கான்னு கேட்டாரு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஆமா சார், எரிச்சல் தாங்கலன்னேன். 'எரிச்சல்படாதீங்க, வூட்லயே இருங்க, ஆளு வருது'ன்னுட்டாரு."

இளைய நர்சுகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகம், எப்படிப் போகிறது, வலி எரிச்சல் உண்டா என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எல்லாம் ஒரு பாசன எழுத்தர் கேட்டுவிட்டார். ரத்தம் போகிறதா என்பது ஒன்றுதான் விட்டுப்போனது. மடைக்கு அந்தக் கேள்வி தேவைப்படாது.

4. லஸ்கர்

ஷட்டரை ஏற்றி இறக்கும் பணியாளரை எங்கள் பக்கம் லஸ்கர் என்பார்கள். பக்கிரிசாமி என்ற லஸ்கர், ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து, அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"எங்கம்மா மடை?"

"உள்ள படுத்திருக்காருங்க" என்றார் ராஜாமணி.

"மடையா?"

"எம் வூட்டுக்காரருங்க. அது என்னங்க கையில? அத வச்சா பாப்பீங்க?"

இதைப் பக்கிரிசாமி சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அவரால் சிரிக்காமல் முடிக்க முடிந்ததில்லை. ஆனால் அன்று உள்ளே போனதும் சிரிக்கும்படி எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் வரப்பில் நின்றவர் சுருண்டு கிடந்தார். நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. உட்கார வைத்தால் தலை சாய்ந்தது. ராஜாமணி மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பக்கிரிசாமி கூப்பிட்டபோது மணி 11.35. ஜமீலா சாப்பிடப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

"மேடம், நான் லஸ்கர் பேசுறேன்."

"ராங் நம்பர் சார். பாசன ஆபீஸ் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

"ஐயோ, அங்கேந்துதான் மேடம் வந்திருக்கேன்! வச்சிராதீங்க. உங்க ஊசி போட்டவருக்கு நாலு நாளா வயித்தால போவுது. இன்னைக்கு மட்டும் ஆறு தடவ. ரத்தமும் போவுதுன்னு அம்மா சொல்றாங்க. அத மட்டும் சொல்லாதங்குறாரு. சொன்னா ஊசிய நிறுத்திருவீங்களாம்."

பக்கத்தில் நின்ற எங்கள் டாக்டரம்மா போனை என் கையிலிருந்து பறித்தார். "நிக்கிறதுக்கு எந்த மாத்திரையும் குடுக்காதீங்க, உள்ள நடக்குறது மறைஞ்சிரும். ஒரு கார் புடிச்சு உடனே கூட்டிட்டு வாங்க."

2.20க்குக் கார் வந்தது. பக்கிரிசாமியும் கூடவே வந்திருந்தார், மடியில் அந்த இரும்போடு. டிரிப் போட்டோம், ரத்தமும் மலமும் சோதனைக்கு எடுத்தோம், ஸ்டீராய்டு ஊசி தொடங்கினோம். மருந்தால் வந்த குடல் அழற்சி. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

கலியபெருமாள் படுத்தபடியே கெஞ்சினார். "டாக்டரம்மா, இது சக்தி வேலை செய்யறதுதான? போனா போவட்டும். ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க."

பதில் சொன்னவர் பக்கிரிசாமி. "அண்ணே, ஷட்டர முழுசா ஏத்திவுட்டா பயிருக்கு மட்டுமா பாயும்? கரையும்ல ஒடையும்? மொதல்ல எறக்கிட்டுக் கரையக் கட்டட்டும். அப்புறம் ஏத்தறதா வேணாமான்னு அவங்க பாத்துக்குவாங்க."

"இதையே நான் மூணு மாசமா படம் போட்டுச் சொல்லிட்டிருக்கேன்" என்றார் டாக்டர்.

நான்காம் நாள் காலை எண்ணிக்கை இரண்டுக்கு இறங்கியது. செவ்வாயிலிருந்து அழுது முகம் வீங்கிக் கிடந்த ஜமீலா அன்றுதான் கட்டில் அருகே வந்தார். "மன்னிச்சிருங்கய்யா, நான் ராங் நம்பர்னு..."

"நம்பரு ராங்கா இருந்தா என்ன தங்கச்சி? நீ அனுப்புன ஆளு ரைட்டு."

ஜமீலா அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் டிரிப் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் திரும்பி நின்று சிரித்தார்.

ஸ்டீராய்டைப் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அந்த மருந்தை மீண்டும் தரவில்லை. அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கவில்லை.

5. தொடங்கிய நாள்

மருந்தால் பக்கவிளைவு வந்தால் அதற்குரிய படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நர்சும் எழுதலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவும் வேண்டாம். சந்தேகம் போதும். ஆனால் தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் உண்டு.

"தண்ணி கடைமடைக்கு வந்த மறுநாளு. சனிக்கிழமை" என்றார் கலியபெருமாள்.

"பொய் சிஸ்டர்" என்றார் ராஜாமணி. "வியாழக்கிழமை ஊசிக்கு வந்தோம்ல, அன்னைக்கு வரும்போதே பஸ்ஸ நிறுத்தச் சொல்லி ரெண்டு எடத்துல எறங்குனாரு."

"டீ குடிக்க எறங்குனேன்."

"டீக்கடையே இல்லாத எடத்துலயா?"

"இருக்கான்னு பாக்கத்தான் எறங்குனேன்."

வார்டு மறுபடி சிரித்தது. நானும்தான். பேனா மட்டும் நகரவில்லை. வியாழன் என்றால், மருந்து ஏற்றுவதற்கு முன் என் எதிரே உட்கார்ந்திருந்தபோதே அவருக்கு அது இருந்திருக்கிறது. அப்படியானால் அன்று மருந்தையே ஏற்றியிருக்கக் கூடாது. அன்று நான் கேட்டது, "எப்படி இருக்கீங்க?" அவர் சொன்னது, "பரவாயில்ல சிஸ்டர்." நான் எழுதியது, "குறை ஏதுமில்லை." எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தவரைக் கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்.

அந்தக் கேள்வியை அன்றோடு விட்டேன். வழக்கமாக எத்தனை தடவை, நேற்று எத்தனை தடவை, ரத்தம் உண்டா என்று கேட்பேன். எண்ணைக் கேட்டால் எண் வரும். கூட வந்தவரைத் தனியாக அழைத்தும் கேட்பேன். ஜமீலா, மடை, ஷட்டர், பம்ப்செட் என்று யார் எதைச் சொன்னாலும், "எங்ககிட்ட ஊசி போட்டிருக்கீங்களா?" என்று முதலில் கேட்கத் தொடங்கினார். "கொரோனா ஊசியா? ரெண்டும் போட்டாச்சு. ஷட்டரத் தூக்குங்க" என்று அசல் விவசாயிகள் கத்தினார்கள்.

தேதியை விசாரித்தேன். பக்கிரிசாமியின் குறிப்பேட்டின்படி கடைமடைக்குத் தண்ணீர் வந்தது வெள்ளிக்கிழமைதான். அதிலிருந்து தெரிவது தண்ணீர் வந்த நாள் மட்டுமே. அந்த பஸ் கண்டக்டரையும் பிடித்துக் கேட்டேன். "தெனம் யாராச்சும் எறங்கிக்கிட்டேதான் இருக்காங்க மேடம்" என்றார். படிவத்தில் சனி என்று நோயாளி சொன்னதையும் வியாழன் என்று மனைவி சொன்னதையும் எழுதி அனுப்பினேன். வியாழக்கிழமை நான் அந்த டிரிப்பைத் திறந்துவிட்டபோது அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.