கம்பைலர் கொடுத்த எச்சரிக்கை

முதலாளியைச் சட்டையோடு பிடித்து ஆஸ்பத்திரிச் சுவரில் மோதியது நான்தான். பொம்பளப் பிள்ளை கை நீட்டலாமா என்று ஊரில் கேட்டார்கள். இன்னும் நாலு மோது மோதியிருக்கலாம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

வள்ளங்களைக் கரைக்கு இழுத்து ஏற்றும் விஞ்சுக்குக் கண்ட்ரோலர் செய்கிற சின்னக் கம்பெனி, நாகர்கோவிலில். புரோகிராம் எழுதுவது நான். பாரம் அளவு மீறினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். முதலாளி புது லேப்டாப்பில், புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் புது கம்பைலரைப் போட்டார். பழைய கம்பைலரில் செய்த லைப்ரரியை, அதாவது கணக்குப் பார்க்கும் ஆயத்தப் புரோகிராம்களை, அப்படியே காப்பி செய்தார். புது கம்பைலர் தசம எண்ணை ஓரிடத்தில் வைக்கும், பழைய லைப்ரரி அதை வேறிடத்தில் தேடும். அங்கே கிடக்கிற குப்பை எண்ணைத்தான் பாரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்தது.

"வார்னிங்தானே மக்கா, அது வராம அடைச்சு விடு," என்றார்.

"லைப்ரரியயும் புது கம்பைலர்ல திரும்ப பில்ட் பண்ணணும். இத அப்படியே கரைக்கு அனுப்புனா ஆளு சாவும்!" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மேசையில் கண்ட்ரோலர் இல்லை. எச்சரிக்கையை அடைத்து, அவரே புரோகிராமை ஏற்றி, இராஜாக்கமங்கலம் கரைக்கு அனுப்பியிருந்தார். அங்கே விஞ்ச் ஓட்டுவது என் அண்ணன். போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரை விரட்டினேன்.

எங்கள் கரையில் மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. ஓடும் வடத்தில் உள்ளங்கையை வைத்துத்தான் பாரம் பார்ப்பார்கள். பாரம் மீறி வடம் முறுகினால் கையை எடுத்துவிடுவார்கள். நான் மணலில் இறங்கியபோது வள்ளம் பாறையில் மாட்டியிருந்தது. மோட்டார் நிற்காமல் அலறியது. வடம் அண்ணனின் கையை விஞ்ச் உருளையோடு சேர்த்துச் சுற்றியது. எலும்பு நொறுங்குவது கேட்டது. கல்லை எடுத்துக் கண்ட்ரோலரை அடித்தேன். அது சிதறிய பிறகுதான் மோட்டார் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். "கைய எடுக்காம நின்னது அவனுக்க தப்புல்லா," என்றார். அப்போதுதான் மோதினேன். அவர் மூக்கில் ரத்தம் வந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

அண்ணனுக்கு மயக்கம் தெளிந்தது. வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"வடம் முறுகுனது தெரியலியாண்ணே? ஏன் கைய எடுக்கல?"

"தெரிஞ்சுது. நீ எழுதுன புரோகிராமுல்லா, மக்கா... இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு பாத்துட்டே நின்னேன்."